தெஸ்னா கரையில் ஒரு பிரெஞ்சுப் பாட்டு

அந்த வசந்தத்தில் தெஸ்னா நதியின் பனிக்கட்டி உடையத் தொடங்கியபோது, அம்மாவின் பாட்டில் ஒரு சரணம் எனக்குத் தொலைந்து போயிருந்தது.

எப்போது தொலைந்தது என்று சொல்லத் தெரியவில்லை. மாவு பிசையும்போது மோதிரம் கழன்று உள்ளே போய்விடுமே, அப்படி. கை மட்டும் கொஞ்சம் லேசாக இருக்கும். வெகு நேரம் கழித்துத்தான் விரலைப் பார்ப்போம்.

அது தோணியில் பாடும் தாலாட்டு. முதல் இரண்டு சரணங்களும் எங்கள் கரையில் எல்லாருக்கும் தெரியும். தோணிக்காரா, மெல்லப் போ, என் மடியில் தூக்கம் இருக்கிறது. அக்கரையில் அப்பன் விளக்கேற்றி வைத்திருக்கிறான், அவசரமில்லை. மூன்றாவதை மட்டும் அம்மாவைத் தவிர வேறு யாரும் பாடி நான் கேட்டதில்லை. அவளே கட்டினாளோ, எங்காவது கேட்டாளோ தெரியாது. நான் சிறுமியாக இருக்கும்போதே போய்விட்டாள். அவள் முகம் எனக்கு நினைவில் இல்லை. அந்தச் சரணத்தைப் பாடும்போது அவள் நெஞ்சு என் காதுக்குக் கீழே அதிர்ந்தது மட்டும் நினைவிருக்கிறது.

இப்போது அது என்னிடம் பிரெஞ்சில்தான் இருந்தது.

பேரரசரின் ஆணை வந்து மூன்றாவது வசந்தம் அது. எங்கள் மொழியில் புத்தகம் அச்சிடக் கூடாது, நாடகம் போடக் கூடாது, மேடையில் பாடக் கூடாது. அதை மொழி என்று சொல்வதே தவறு. ருஷ்ய மொழியை உழவர்கள் கெடுத்துப் பேசுகிறார்கள், அவ்வளவுதான் என்றார்கள். நாங்கள் உக்ரேன் என்று சொல்லும் மண்ணுக்கு அலுவலகக் காகிதங்களில் சின்ன ருஷ்யா என்று பெயர். ஆனால் ராகத்துக்கு யாரும் தடை போடவில்லை. பிரெஞ்சுக்கும் போடவில்லை. பிரெஞ்சு பெரிய இடத்து மொழி, பீட்டர்ஸ்பர்க் மாளிகைகளில் பேசுவது.

அந்த இடுக்கில் புகுந்தவர் யுகிம். செர்னிஹிவ் நகரில் அதிகாரிகளின் மகள்களுக்குப் பியானோ கற்றுக்கொடுப்பவர், என் மகளின் ஞானத்தகப்பன். அந்த உறவில் நான் அவரைக் 'கூமே' என்பேன், அவர் என்னைக் 'கூமா' என்பார். நோன்புக் காலத்தில் நாடகக் கொட்டகை மூடியிருக்கும், கச்சேரிக்குத் தடையில்லை. தீ விபத்தில் வீடிழந்தவர்களுக்காக ஒரு ஞாயிறு மதியம் கச்சேரி என்று அனுமதி வாங்கினார். நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு எதிரே 'தோணித் தாலாட்டு, பிரெஞ்சு' என்று இருந்தது. மகளிர் விடுதிப் பள்ளியில் பிரெஞ்சு படித்து, அந்த ராகமும் அறிந்தவள் ஊரில் நான் ஒருத்திதான்.

"கூமா, முகத்துல ஏன் இவ்வளவு துக்கம்?" ஒத்திகையில் அவர் வாசிப்பை நிறுத்தினார். "பிரெஞ்சுக்காரி புள்ளையத் தூங்க வைக்கிறா. இழவு வீட்டுல இல்ல."

"மூணாவது சரணம் ஞாபகம் வரல கூமே."

"கையில காகிதம் இருக்கே!"

"இது இல்ல. நம்மது."

அவர் பியானோவில் ஒரு கட்டையை மட்டும் அழுத்தி, அது அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். போன ஆண்டு அந்தச் சரணத்தை அவரிடம்தான் பாடிக் காட்டியிருந்தேன், அவர் எழுதிக்கொண்டார். அவருடைய நண்பர் ஒருவர் அதைப் பிரெஞ்சில் மாற்றினார்.

"என்னைக் கேக்காதீங்க. பக்கத்துத் தெருவுல சோதனை போடறாங்கன்னு கேட்டதுமே எல்லாத்தையும் அடுப்புல போட்டுட்டேன். உங்கம்மா பாட்டு, எங்கத்தை எழுதிக் கொடுத்த வெள்ளரிக்கா ஊறுகாப் பக்குவம், எல்லாம். நம்ம பேச்சுல எழுதியிருந்தா ஊறுகாயும் அரசாங்கத்துக்கு விரோதிதான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒண்ணு சொல்றேன் கூமா. மேடையில நம்ம வார்த்தை ஒண்ணு விழுந்தாப் போதும், மண்டபத்துக்குப் பூட்டு, எனக்கு வடக்கே வோலக்தாவுக்கு நாடுகடத்தல். அங்க குளிர்ல பியானோவே இருமுமாம். உங்க வீட்டுக்காரர் வேலையும் போகும். அதனால தொலைஞ்சது கொஞ்ச நாள் தொலைஞ்சே இருக்கட்டும்."

பிரெஞ்சிலிருந்து திருப்பிச் செய்து பார்த்தேன். பொருள் எனக்குத் தெரியும்: 'துயில்வாய் மகவே, நின் நாமம் நதியறியும்.' அழகாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் பேச்சில் மாற்றினால், உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்ட மேலங்கி மாதிரி தையல்களாகவே தெரிந்தது. அம்மா 'நாமம்' என்று சொல்லியிருக்க மாட்டாள். வாத்தைப் பற்றி ஏதோ இருந்தது. வாத்தா? தூக்கத்தின் விளிம்பில் சில சமயம் அது வரும், தண்ணீருக்கடியில் யாரோ பேசுவது போல. நான் கண்ணைத் திறப்பேன். போய்விடும்.

அந்த வாரம் ஒரு நாள், காளான் போட்ட நோன்பு போர்ஷ்ட் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தபோது என் கணவன் கிந்த்ராத், தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"ஞாயித்துக்கிழமை முன்வரிசையில நான்தான் உக்காரணும். உன் பாட்டோட காகிதம் என் கையில இருக்கும். அனுமதிச்ச வார்த்தையத்தான் பாடினாங்கன்னு கடைசியில கையெழுத்துப் போடணும்."

அவன் ஆளுநர் அலுவலகத்தில் எழுத்தர்.

"உனக்குப் பிரெஞ்சு தெரியாதே?"

"அது ஆபீசுக்குத் தெரியாதே."

ருஷ்ய மொழியில்தான் பேசிக்கொண்டோம். வீட்டில் அதுதான் என்பது அவன் வைத்த விதி. எங்கள் உஸ்த்யாவுக்கு ஒன்றரை வயது, இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. அவள் காதில் முதலில் விழுவது மேலே ஏறப் பயன்படும் மொழியாக இருக்கட்டும் என்றான். அவன்மீது எனக்குக் கோபம் வருவதில்லை. பள்ளியில் எங்கள் பேச்சில் வாய் தவறினால் பட்டாணி மேல் முழங்கால் போட வைப்பார்களாம். இன்றுவரை அவன் பட்டாணி தின்பதில்லை.

விதியால் அதிகம் கஷ்டப்பட்டவள் ஹாப்காதான், குழந்தையைப் பார்த்துக்கொள்பவள். அவளுக்கு ருஷ்ய மொழி வராது. ஆகவே உஸ்த்யாவை ஊமையாகவே குளிப்பாட்டினாள், ஊமையாகவே ஊட்டினாள். அடக்கிவைத்த பேச்சையெல்லாம் சமையலறைப் பெஞ்சுக்கடியில் குளிர்காலத்துக்கு அடைத்திருந்த கோழிகளிடம் கொட்டினாள். அவளிடமும் கேட்டுப் பார்த்தேன். அவள் ஊரில் அது தோணிப் பாட்டே இல்லையாம், வண்டிப் பாட்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நதி உடைந்தது.

காலையிலிருந்தே சத்தம். தூரத்தில் யாரோ பெரிய கதவுகளை ஒவ்வொன்றாகத் திறப்பது போல. மதியத்துக்குள் மூடுபனி கரையேறித் தெருக்களில் நிறைந்தது. கச்சேரி நடந்த பிரபுக்கள் மன்றத்தின் உயரமான சன்னல்களுக்கு வெளியே ஒன்றுமில்லை, வெண்மை மட்டும். மண்டபமே மெல்ல மிதந்து போவதாக எனக்குத் தோன்றியது. மேடையில் நின்றபோது என் கால்களை நான் உணரவில்லை.

முன்வரிசையில் கிந்த்ராத் முழங்கால்மேல் காகிதத்தை விரித்து வைத்திருந்தான். அவன் பக்கத்தில் காவல் அதிகாரி பாவெல் இக்நாத்தியெவிச். உள் ருஷ்யாவிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், மீசைக்கு மெழுகு பூசுபவர்.

யுகிம் தொடங்கினார். முதல் சரணத்தைப் பிரெஞ்சில் பாடினேன். கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து பாடுவது போல இருந்தது. எதிரே எல்லா முகங்களும் மரியாதையாக இருந்தன. இரண்டாவது தொடங்கும்போது ராகம் அவர்களைப் போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கோ பின்வரிசையில் ஒருவர் வாயை மூடியபடியே முனகினார். பிறகு இன்னொருவர். பிறகு தனித்தனியாக எதுவும் கேட்கவில்லை. மண்டபம் முழுக்க ஒரு ரீங்காரம், தரைப்பலகை வழியாக என் பாதத்துக்குள் ஏறியது. ஒரு உதடும் அசையவில்லை. எதைக் குற்றமென்று எழுதுவது? வாய் மூடிய முனகலுக்கு மொழி இல்லை.

அந்த அதிர்வு என் காதுக்குக் கீழே வந்து நின்றது. கம்பளியின் வாசனை வந்தது, ஈரக் கயிற்றின் வாசனை வந்தது. தோணி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. நான் யாருடைய மடியிலோ இருந்தேன், யாரோ என் தலைக்கு மேலே பாடிக்கொண்டிருந்தார்கள், மிகவும் சாதாரணமான குரல், கொஞ்சம் மூக்கடைத்த குரல்:

தூங்குடி என் வாத்துக்குஞ்சே,
தண்ணிக்கு உம்பேரு தெரியும்,
கேட்டாலும் சொல்லும், மறந்தாலும் சொல்லும்.

பாடி முடிந்த பிறகுதான் பாடியது நான் என்று தெரிந்தது.

ரீங்காரம் நின்றிருந்தது. யுகிமின் கைகள் கட்டைகளின் மேல் அந்தரத்தில் நின்றன. இரண்டாம் வரிசையில் ஒரு பெண் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கை தட்டலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. வெளியே நதி இன்னொரு கதவைத் திறந்தது.

பாவெல் இக்நாத்தியெவிச் எழுந்து நின்றார். கூடவே கிந்த்ராத்தும்.

"அந்தக் கடைசிப் பகுதி என்ன மொழி?" என்றார் அதிகாரி. மெதுவாகத்தான் கேட்டார். அந்த அமைதியில் மண்டபத்துக்கே கேட்டது.

கிந்த்ராத் காகிதத்தைப் பார்த்தான். அவனுக்கு அதில் ஒரு எழுத்தும் புரியாது. பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஒரு பழைய வலி, பட்டாணியின் வலி, அதைத் தாண்டி இன்னும் ஏதோ. அவனுடைய அம்மாவும் அதே நதியில் தோணி ஏறியவள்தானே என்று முதல்முறையாக எனக்குத் தோன்றியது.

"பிரெஞ்சு, ஐயா."

"பிரெஞ்சா?"

"தென் பிரான்சுப் பக்கத்து நாட்டுப்புறப் பேச்சு. மீனவங்க பேசறது. உங்களுக்குத் தெரியாததா?"

அதிகாரியின் கழுத்து சிவந்தது. அந்தப் பதவியில் இருப்பவர் பிரெஞ்சு தெரியாது என்று ஒரு மண்டபத்தின் நடுவே ஒத்துக்கொள்வதாவது!

"தெரியும். தெரியும்தான்," என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஆனா விசித்திரம் பாருங்க, மத்தது எதுவும்… அதாவது, இந்தப் பகுதி மட்டும் எனக்கு நல்லாப் புரிஞ்சுது. வாத்து. தண்ணி."

"அப்போ ஐயாவோட பிரெஞ்சு நல்லா முன்னேறியிருக்கு," என்றான் கிந்த்ராத்.

யாரும் சிரிக்கவில்லை. பாவெல் இக்நாத்தியெவிச் என் கணவனை வெகுநேரம் பார்த்தார். அவர் ஏமாந்தாரா, ஏமாறச் சம்மதித்தாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. மீசை நுனியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு அவர்தான் முதலில் கை தட்டினார்.

கிந்த்ராத் காகிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டான்.

வீட்டுக்கு மூடுபனிக்குள் நடந்தோம். பக்கத்தில் வருபவனின் தொப்பி மட்டும் தெரிந்தது. அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, தட்டிவிட வேண்டும் போலவும் இருந்தது. இத்தனை நாள் தேடிய சரணம் திரும்பி வந்திருந்தது. வந்த அதே நிமிடத்தில் அதற்கு வேறு பெயர் எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

"எங்கம்மாவைப் பிரெஞ்சுக்காரி ஆக்கிட்டே," என்றேன். எங்கள் பேச்சில் சொன்னேன். விதியை உடைத்ததைச் சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன்.

அவன் நின்று, மூடுபனிக்குள் முன்னும் பின்னும் பார்த்தான்.

"வேற எங்க ஒளிச்சு வைக்கச் சொல்றே, என் புறாவே?" என்றான்.

அவனும் எங்கள் பேச்சில்தான் சொன்னான். குரல் கரகரத்தது, அதிக நாள் திறக்காத பெட்டியைப் போல. 'புறாவே' என்று அவன் என்னைக் கடைசியாகக் கூப்பிட்டது கல்யாணத்துக்கு முன்னால். இந்தச் சொல் இத்தனை காலம் எங்கே இருந்தது, இவனுக்குள் எந்தப் பெஞ்சுக்கடியில் இருந்தது என்று யோசித்தேன்.

"திரும்பவும் எடுக்க மறந்துட்டா?" என்றேன்.

"அதான் தண்ணி சொல்லுமாமே."

வீட்டில் ஹாப்கா அடுப்பருகே உட்கார்ந்து கோழிகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஐயாவைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். மடியில் உஸ்த்யா, மூடிய அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், கதவு திறக்கக் காத்திருப்பவளைப் போல. கிந்த்ராத் பெஞ்சில் உட்கார்ந்து ஈரமான பூட்ஸைக் கழற்றினான். ஒன்றைக் கழற்றிவிட்டு அப்படியே இருந்தான்.

"ஹாப்கா, இனிமே குழந்தைகிட்ட பிரெஞ்சுல பேசு."

ஹாப்கா என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"ஐயய்யோ, எனக்குப் பிரெஞ்சு எங்க தெரியும்?"

"தெரியும். கோழிகிட்ட பேசறியே, அதுதான்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்த பிறகு கன்னம் சிவந்தது.

"வெளியில யாராவது கேட்டா?" என்றாள்.

"பிரெஞ்சுன்னு சொல்லு. காகிதத்துல கையெழுத்தே போட்டிருக்கேன்."

ஹாப்கா குழந்தையைத் தன் பக்கமாகத் திருப்பினாள். கோழிகளிடம் அவ்வளவு சரளமாகப் பேசியவளுக்கு இப்போது வார்த்தை வரவில்லை. உண்மையிலேயே அன்னிய மொழி பேசப் போகிறவளைப் போல உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"என்னடி," என்றாள் கடைசியில். "என்னடி பாக்குறே?"

உஸ்த்யா கையை நீட்டி அந்த வாயைத் தொட்டாள்.

நாளைக்கு இவள் பேசுவாள். அது பிரெஞ்சு என்றே நம்பி வளர்வாளோ என்னவோ. அந்தப் பயத்தோடுதான் குனிந்து அவளைத் தூக்கி, அவள் காதை என் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, மூன்றாவது சரணத்திலிருந்து தொடங்கினேன்.