வெள்ளைக் கோட்டைக் கண்டால் வரிசை

காலையிலிருந்தே எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் பிரசவ ஆஸ்பத்திரியைத் தனியாருக்குக் கொடுக்கலாமா என்று பார்க்க அன்றைக்கு அதிகாரி வருகிறார். கொடுத்துவிட்டால் இலவசம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதே நாளில் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் என் தங்கையின் கலை நிகழ்ச்சி. மேலிடத்தில் கெஞ்சி அனுமதி வாங்கிக் கொடுத்த மகராசி நான்தான், இங்கே தலைமை நர்ஸ்.

நிகழ்ச்சி என்றால் பாட்டு, வசனம் ஒன்றும் கிடையாது. இந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கிய முதல் டாக்டரம்மாவைப் போல வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, கூடத்தின் நடுவில் தங்கை மேசை போட்டு உட்காருவாள். பெண் பிள்ளை மருத்துவம் படித்தால் குடும்பத்துக்கே அவமானம் என்றிருந்த காலத்தில் படித்து, வந்தவரை எல்லாம் காசு வாங்காமல் பார்த்தவர் அந்த அம்மா. எதிரே யார் உட்கார்ந்தாலும் அவர் முகத்தைப் பார்ப்பாள், கை கழுவுவாள், அடுத்தவரைப் பார்ப்பாள். சாயங்காலம் வரை வாய் திறக்கக் கூடாது. பேச்சை நிறுத்தினால் மூச்சு நின்றுவிடும் என்கிற ரகம் அவள். இதற்காக மாதக்கணக்கில் வாயைக் கட்டிப் பழகியிருந்தாள்.

"இதைப் பாத்து அதிகாரி மனசு மாறிடுவாராக்கும்?" என்று முந்தின நாளே கேட்டேன்.

"மாறாட்டியும் பேப்பர்ல வருமில்ல, அக்கா? ஊரே கேள்வி கேக்கும்."

அக்காவும் தங்கையும் ஒன்றை மறந்துபோனோம். எங்கள் கூடத்தில் வெள்ளைக் கோட்டும் நாற்காலியும் சேர்ந்து தெரிந்தால் ஜனங்கள் யோசிக்க மாட்டார்கள், வரிசையில் நின்றுவிடுவார்கள். மூன்று டாக்டர் அறையில் இரண்டு ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தால் வேறென்ன செய்வார்கள்? ஊசி அறைக்குப் போய்த் திரும்புவதற்குள் தங்கைக்கு முன்னால் வரிசை வாசலைத் தொட்டுவிட்டது.

"இவங்க டாக்டர் இல்லம்மா! இது நிகழ்ச்சி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"என்னவோ இருக்கட்டும் சிஸ்டர்," என்றாள் நிறைமாத மருமகளைக் கூட்டிவந்த ஒரு மாமியார். "உள்ள இருக்கற டாக்டரம்மாவுக்குப் பாவம், நிமிரக்கூட நேரமில்ல. இவங்களாச்சும் எங்க மூஞ்சியப் பாத்து உக்காந்திருக்காங்க."

போலி டாக்டரை வைத்து நடத்துகிறார்கள் என்று அதிகாரி ஒரே வரியில் எங்கள் கதையை முடித்துவிடுவாரே! மேசையைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று ஓடினேன்.

மருமகள் தங்கையின் எதிரே உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தாள். தங்கை அவள் முகத்தையே பார்த்தாள். பேப்பர்காரர்கள் கேமராவோடு உள்ளே நுழைந்த அந்த நேரத்தில்தான் தங்கையின் வாய் திறந்தது.

"அக்கா! இவங்களுக்கு நான் ரெண்டு ரெண்டா தெரியறேனாம்!"

ரத்த அழுத்தம் பார்த்தேன், எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. கர்ப்பிணிக்கு இப்படி ஏறிக் கண்ணும் இரட்டையாகத் தெரிந்தால் எந்த நேரமும் வலிப்பு வரலாம். சக்கர நாற்காலியைத் தங்கை தள்ள, நான் முன்னால் ஓட, இருந்த ஒரே டாக்டரும் கையிலிருந்ததை விட்டுவிட்டுப் பிரசவ அறைக்கு வந்துவிட்டார். ஊசி ஏறி அழுத்தம் இறங்கத் தொடங்கியபோது டாக்டர் பெருமூச்சு விட்டார். "இன்னும் கொஞ்ச நேரம் வரிசையில நின்னிருந்தா தாயும் இல்ல, பிள்ளையும் இல்ல," என்றார்.

கூடத்துக்கு ஓடி வந்தேன். வரவேற்க ஆளில்லாமல், அதிகாரி தங்கையின் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில். வரிசை கலையவே இல்லை. வயிறு தள்ளிய ஒருத்தி அவரிடம் இடுப்பு வலியைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் டாக்டர் இல்லம்மா."

"தெரியுது சார். டாக்டரம்மா வர்ற வரைக்கும் நீங்களாச்சும் கேளுங்க. ராத்திரிலேர்ந்து பிள்ள அசையல சார்."

அவர் பாதி எழுந்தார். பின்னால் நின்றவர்கள் நகரவில்லை. என்னைப் பார்த்ததும் அவர் குரல் உயர்ந்தது. "டாக்டர் எங்கம்மா?"

"உள்ள ஒரு உசிரக் காப்பாத்திட்டிருக்காங்க சார். இருக்கறது அவங்க ஒருத்தர்தான்."

அவர் அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தார், பூட்டிய இரண்டு கதவுகளைப் பார்த்தார்.

"அப்ப இவங்கள எங்க அனுப்பறது?"

அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டே, வேலை போனால் போகட்டும் என்று துணிந்து சொன்னேன்.

"அத நீங்கதான் சார் சொல்லணும்."