துடைப்பம் எடுத்த வரி

"யாரு எடுத்ததுன்னு நான் கேக்கலை. ஏம்மா எடுத்த, அதைத்தான் கேக்கறேன்."

"தேவையில்லாம இருந்துச்சு சார். எடுத்துட்டு பில்ட் பண்ணிப் பார்த்தேன். கம்பைலர் ஒண்ணுமே சொல்லலை."

"அது என்ன மாமியாரா, எல்லாத்துக்கும் ஏதாவது சொல்றதுக்கு?"

வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். குழுத் தலைவர் வாயைத் திறப்பதே அபூர்வம். தாடியும் மௌனமுமாக அவர் நடமாடுவதைப் பார்த்து அலுவலகமே அவருக்குச் சித்தர் என்று பெயர் வைத்திருந்தது. இன்று சித்தர் தன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் சோதனைக்கு வைத்த நெட்வொர்க் பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது, ஒரு பாவமும் அறியாததுபோல.

அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: துடைப்பம். அந்தப் பெட்டியின் இரும்புக்கும் கணினிக்கும் நடுவில் நின்று பேசுகிற நிரல்தான் அவர்கள் எழுதும் டிரைவர். வருடக்கணக்காக ஆளுக்கு ஆள் கைவைத்ததில் அது கல்யாண வீட்டுச் சமையல்கட்டுபோல ஆகிவிட்டது. ஹெட்டர் என்கிற ஒரு துணைக்கோப்பைக் கூப்பிட்டால் அது தன் மச்சானைக் கூப்பிடும், மச்சான் தன் சகலையைக் கூப்பிடுவான். கடைசியில் ஊரே பந்தியில் உட்கார்ந்திருக்கும். யார் யாரை எதற்கு அழைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அவள் வந்துதான் ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டாத அழைப்பு வரிகளைப் பெருக்கித் தள்ளினாள். நிரலைத் தொகுக்கும் பில்ட் வேலை சட்டென்று முடியத் தொடங்கியது. ஆளாளுக்குப் பாராட்டினார்கள். சித்தர்கூடத் தலையை ஆட்டினார். ஆட்டியதோடு தன் ஒப்புதலையும் போட்டார்.

அப்படித் தள்ளியதில் ஒரு வரி தள்ளக்கூடாத வரி. அது கூட்டிவந்த கோப்புக்குள் ஒரு சின்ன அறிவிப்பு இருந்தது. அந்த அறிவிப்பு இருந்தால், செய்திகளை வைக்கும் கட்டமைப்பின் நடுவே கூடுதலாக ஓர் இடம் விடப்படும், இல்லாவிட்டால் விடப்படாது. நிரலில் பிழை தேடிச் சொல்லும் கம்பைலர் இல்லாததைக் குற்றமாகவும் சொல்லாது. ஆகவே செய்தியை வாங்கும் கோப்பு ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டது, எடுத்துக்கொடுக்கும் கோப்பு இன்னொன்றை. வீடு ஒன்றுதான். ஒருவர் கதவென்று நினைத்துப் போகிற இடத்தில் மற்றவருக்குச் சுவர். வீட்டின் முன்பாதி மட்டும் இரண்டு படத்திலும் ஒன்றாகவே இருந்ததால் நாள்தோறும் வேலை நடந்தது. பின்பாதி தேவைப்படுவது செய்திகள் குவியும் நெரிசல் நேரத்தில் மட்டும்.

அந்த நெரிசல் போன வாரம் வந்தது. உணர்கருவிகளின் எச்சரிக்கையைக் கட்டுப்பாட்டு அறை மணிக்குக் கடத்த அவர்களுடைய பெட்டி பொருத்தியிருந்த குளிர்பதனக் கிடங்கில் அமோனியாக் குழாய் வெடித்தது. சுவரெல்லாம் இருந்த உணர்கருவிகள் ஒரே நேரத்தில் கத்தின. கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு சத்தமும் போய்ச் சேரவில்லை. உள்ளே சரக்கு அடுக்கிக்கொண்டிருந்த பெண் உயிரோடு வெளியே வரவில்லை. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தவர் இவளுடைய அக்காவின் கணவர்.

மணி அடிக்கவே இல்லை என்று அத்தான் சொன்னார். கிடங்குக்காரர்கள் மறுநாள் ஓர் உணர்கருவியை மட்டும் தூண்டிப் பார்த்தார்கள். மணி கணீரென்று அடித்தது. அதோடு முடிந்தது பேச்சு. தூங்கியிருக்கிறான் என்றார்கள்.

அத்தான் பொய் சொல்லத் தெரியாதவர். அதனால்தான் இன்று காலை அவள் சோதனை மேசையில் எல்லா உணர்கருவிகளையும் ஒரே சமயத்தில் கத்தவிட்டாள். மணி ஊமையாக இருந்தது. நீக்கிய வரிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். ஒரு வரியில் மணி அடித்தது. சித்தரைக் கூப்பிட்டாள்.

சித்தர் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டார். பிறகு மெதுவாக, தாழ்ந்த குரலில் பேசினார். வரியைத் திரும்பப் போடச் சொன்னார். ஹெட்டர் வரிசை ஒழுங்கு செய்யப்பட்டது என்று மட்டும் குறிப்பு எழுதி எல்லா இடத்துக்கும் அனுப்பிவிட வேண்டும். இனி எங்கேயும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. கிடங்கைப் பற்றி ஒரு சொல்லும் அதில் வேண்டாம். விஷயம் வெளியே போனால் கம்பெனி இருக்காது, இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் வயிற்றில் எல்லாம் அடித்ததாக ஆகும். முதலில் கேட்பது அவள் பெயரை, அடுத்தது அவர் பெயரை.

"செத்தவங்க திரும்பி வரப்போறதில்லை" என்றார். "உங்க அத்தானுக்கு மிஞ்சிப்போனா வேலைதானே போகும். அந்த வேலையே நீ சொல்லித்தானே கிடைச்சது."

அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். வரியைப் போட்டாள். குறிப்பை அவர் சொன்னபடியே எழுதினாள். அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது கம்பைலர் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள். வாசல் விளக்கைப் போடாமலே வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்தார் கண்ணுக்குப் பயம். கூடத்தில் அத்தான் தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அவள் முதல் முதலில் வேலையில் சேர்ந்தபோது, டிரைவர் எழுதுகிறேன் என்றதற்கு, "லாரியா பஸ்ஸா?" என்று கேட்டு வீட்டையே சிரிக்கவைத்தவர். இப்போது வா என்று சொல்லவே அவருக்கு நேரமாயிற்று.

"நாளைக்கு விசாரணை" என்றார். "தூங்கிட்டேன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

அவள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்கதான் தூங்கலையே அத்தான்."

"தெரியலைம்மா. எல்லாரும் சொல்றாங்க. மணி நல்லாத்தான் இருக்குதாம். அப்ப நான்தானே கேக்காம இருந்திருக்கணும்? கண்ணைத் திறந்துகிட்டே தூங்கறவங்க இருக்காங்களாம்." தொலைக்காட்சியில் வாயசைத்துக்கொண்டிருந்த மனிதரையே அவர் பார்த்தார். "அந்தப் பொண்ணு கதவைத் தட்டியிருப்பா. அதுவும் எனக்குக் கேக்கலை."

அக்கா அவள் கையைப் பிடித்து அடுக்களைக்குள் இழுத்துப்போனாள். அடுப்பு பற்றவைத்த தடயமே அங்கே இல்லை. கழுவாத டம்ளர்கள் தொட்டியில் கிடந்தன. அக்கா குழாயைத் திறந்துவிட்டாள், பேசுவது கூடத்துக்குக் கேட்காமல் இருக்க. அவர் சாப்பிட்டு நாளாகிறது என்றாள். படுக்கமாட்டேன் என்கிறாராம், தூங்கிவிடுவோமோ என்ற பயத்தில் விடிய விடிய உட்கார்ந்தே இருக்கிறாராம். நேற்று அலமாரியில் பழைய கயிறு ஒன்று இருந்ததைப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டேன் என்றாள்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தங்கையை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு தள்ளிடறாரு. நீ படிச்சவ, அந்தப் பெட்டி வேலையெல்லாம் தெரிஞ்சவ, நீ சொன்னா நம்புவாரு. மணி அடிக்காமப் போறதும் உண்டுன்னு ஒரு வார்த்தை சொல்லுடி. பொய்யா இருந்தாலும் பரவாயில்லை. எனக்காக, இப்பவே போய்ச் சொல்லேன்."