ஏழாவது நிபந்தனை

“ஒரு கையெழுத்துப் போட்டா உன் கை தேஞ்சா போயிடும்?” என்று சித்தப்பா கத்தியபோது மூன்றாவது மாடியில் லிஃப்ட் வந்து நின்றது. வந்த லிஃப்ட் கிளம்பவில்லை. உள்ளே இருந்தவர்களுக்கு ஐந்தாவது மாடிக்குப் போகிற அவசரமெல்லாம் அந்த நிமிடமே தீர்ந்துபோயிருந்தது.

“தேயாது. அழுகிடும்,” என்றாள் மகள்.

“பாத்தீங்களா சார் வாய? அப்பன் போய் ஒரு நாள்தான் ஆகுது.”

சார் என்று அழைக்கப்பட்டவர் இசையரங்கத்தின் செயலாளர். வீட்டில் உள்ளதிலேயே நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். செத்தவர் பயிற்சி செய்ய உட்காரும் கையில்லாத நாற்காலி அது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலிருந்த கோப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

அப்பா செத்தது முந்தின நாள் காலையில், குளியலறையில், பாதிச் சவரத்தில். ஒரு கன்னம் மழமழவென்றும் மறு கன்னம் நுரையோடும் கிடந்தவரைத் தாழ்ப்பாளை உடைத்துத்தான் வெளியே தூக்கினார்கள். மீதிக் கன்னத்தை மருத்துவமனையில் யாரோ புண்ணியவான் மழித்துவிட்டிருந்தார். இருபத்தேழு வருடமாக நகரத்துப் பெரிய இசையரங்கத்துக் குழுவில் அவர் இரண்டாவது கிளாரினெட் ஊதுபவர். அடுக்ககத்தில் அவர் பெயர் பாதிப்பேருக்குத் தெரியாது. ‘பீப்பீ’ என்றால் தெரியும்.

அரங்கத்தின் கதையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தொற்று வந்து ஊரே கதவைச் சாத்தியபோது, கலைஞர்கள் பட்டினி கிடக்கக் கூடாதென்று அரசாங்கம் பொதுப்பணத்தில் ஒரு பெருந்தொகையை எடுத்து அரங்கத்துக்குக் கொடுத்தது. இயக்குநர் கண்கலங்கி நன்றி சொல்லும் படம் பத்திரிகையில் வந்தது. கண்ணீர் காய்ந்து ஒன்பது நாள் கழித்து, அறுபத்து நான்கு வாத்தியக்காரர்களுக்கும் கட்டாய விடுப்பு என்று கடிதம் போனது. வீட்டிலேயே இருங்கள், கால் சம்பளம் வரும். அலுவலகத்தில் இருந்த பதினொரு பேருக்கு மட்டும் விடுப்பு இல்லை. வாசிக்க ஆளில்லாத அரங்கத்தைக் கட்டி மேய்ப்பது லேசுப்பட்ட வேலையா? பன்னிரண்டாவதாக ‘மறுமலர்ச்சி ஆலோசகர்’ என்று ஒருவர் வேறு வந்து சேர்ந்தார். முன்கூடத்துக்குப் புதுக் கல் பதித்தார்கள். ஒரு ஜோடிச் செருப்புகூட மிதிக்காத தரையைத் தினம் இரண்டு தடவை துடைத்ததாக, துடைத்தவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அந்தக் கடிதத்தில் பதினான்கு நிபந்தனைகள். ஏழாவதுதான் சங்கதி. விடுப்புக் காலத்தில், அரங்கத்தின் அனுமதி இல்லாமல், கூலிக்கோ கூலியில்லாமலோ, எங்கும் எதற்கும் வாசிக்கக் கூடாது. வாசித்தால் கால் சம்பளமும் போச்சு, வேலையும் போச்சு. பீப்பீ அதற்குப் பயந்து எதிர்வீட்டுப் பாப்பாவின் பிறந்தநாளுக்குக்கூட ஊதவில்லை. போய்க் கைதட்டிவிட்டுக் கேக் தின்றுவிட்டு வந்தார்.

மகளிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் பெரிய விஷயமாகக் கேட்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். “நான் போனா யாரும் பேச வேணாம்மா. பேசுனவங்கள நெறைய கேட்டாச்சு. நம்ம ஆளுங்கள வாசிக்கச் சொல்லு, போதும்.”

அதற்குத்தான் இந்தச் சண்டை.

“நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது,” என்று செயலாளர் ஆரம்பித்தார். “வாசிக்கக் கூடாதுன்னு நாங்க சொல்லவேயில்ல. நிகழ்ச்சி எங்களோடதா இருந்தா தாராளமா வாசிக்கலாம். பின்னாடி எங்க பேனர், இயக்குநர் ஒரு பத்து நிமிஷம் பேசுவார், ஒரு கேமரா. அவ்வளவுதான். நீங்க சம்மதம்னு இதுல ஒரு கையெழுத்து.”

“கேமரா எதுக்கு?”

“அரசாங்கப் பணத்துல ரெண்டாவது தவணைக்கு அறிக்கை அனுப்பணும்மா. கலைஞர்களையும் அவங்க குடும்பத்தையும் எப்படித் தாங்கிப் பிடிச்சோம்னு காட்டச் சொல்றாங்க. அதுவும் இந்த மாசத்துக்குள்ள.”

“மாசம் முடியறதுக்குள்ள இன்னும் ரெண்டு பேர் போயிட்டா உங்களுக்குச் சௌகரியமா இருக்குமோ?”

“சேச்சே,” என்றார் செயலாளர். ஆனால் அதைச் சொல்ல அவருக்கு ஒரு நொடி பிடித்தது. மகள் அந்த நொடியைப் பார்த்துவிட்டாள். அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாளெல்லாம் அடுத்தவர் முகத்துக்கு நேரே முகம் வைத்து மூக்கையும் காதையும் அளக்கிறவள். இந்த முகத்துக்கு எந்தச் சட்டத்தை மாட்டினாலும் நழுவித்தான் விழும் என்று அவளுக்குத் தோன்றியது.

“பெரிய இடம்,” என்றார் சித்தப்பா. அவர் டயர் கடை வைத்திருப்பவர். இயக்குநரோடு ஒரு படத்தில் நிற்கும் வாய்ப்பு கையருகே வந்து நழுவுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. “அவங்களா வந்து மரியாதை செய்றேங்கறாங்க. நம்ம குடும்பத்துல யாருக்கு இது கெடைச்சிருக்கு? சொல்லு.”

“என்ன பேசுவார் உங்க இயக்குநர்?”

செயலாளருக்குத் தெம்பு வந்தது. கோப்பிலிருந்து தட்டச்சு செய்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். மகள் அதைச் சத்தமாகப் படித்தாள். லிஃப்டில் இருந்தவர்களுக்கும் அது வசதியாகப் போயிற்று.

“ ‘நம் அரங்கத்தின் இதயத்துடிப்பாக விளங்கிய டிரம்பெட் கலைஞர், கடைசி மூச்சு வரை பணியிலிருந்தபடியே நம்மை விட்டுப் பிரிந்தார்.’ ” தாளை மடக்கினாள். “எங்கப்பா என்ன வாசிச்சார் சார்?”

செயலாளர் கோப்பைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். கூடப்பிறந்தவரும் கூரையைப் பார்த்தார். “ஊதறதுதானே,” என்றார் கடைசியில்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு. “கிளாரினெட்டு. ரெண்டாவது.”

“அச்சுப்பிழை,” என்றார் செயலாளர்.

“பணியிலிருந்தபடியேங்கறதும் அச்சுப்பிழையா? சவரம் பண்ணிட்டிருந்தார் சார். பத்து மாசமா நீங்க வீட்டுல உக்கார வெச்சவர்.” தாளையும் சம்மதப் படிவத்தையும் சேர்த்து அவர் மடியில் வைத்தாள். “கெளம்புங்க.”

“அப்ப என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா. ஏழாவது நிபந்தனைய நானா எழுதினேன்?”

அவர்தான் எழுதினார். அது அரங்கத்துக் காவலாளிக்குக்கூடத் தெரியும். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, தகனக் கூடத்துக்குத் தான் தனிப்பட்ட முறையில் கட்டாயம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். யார் யார் வாசிக்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வருவார் என்று பொருள். அதற்குப் பிறகுதான் லிஃப்ட் மேலே போனது.

மகள் உடனே முதல் வயலினுக்குப் போன் போட்டாள். முதல் வயலின் என்பது வாத்தியக்காரர்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு, புருஷனும் அதே குழுவில் செல்லோ வாசிப்பவர். இரண்டு கால் சம்பளத்தைக் கூட்டினாலும் அரைக்கு மேல் போகாத வீடு.

“வர்றோம்மா. வாத்தியத்தோடதான் வர்றோம். ஆனா…”

“ஆனா என்னக்கா?”

“பாப்போம்,” என்றாள் முதல் வயலின்.

அன்று மதியம் மூன்று மணிக்குத் தகனக் கூடத்தில் நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். சுண்ணாம்பு அடித்த நீள அறை. ஒரு மூலையில் தண்ணீர்க் கேன். சுவரில், நேரத்தை மீறக் கூடாதென்று ஒரு பலகை. நடுவில் பெட்டி. வாத்தியக்காரர்கள் இருபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு உறையைத் தூங்குகிற பிள்ளையைப் போல் அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். பாதிப்பேருக்குக் கறுப்புக் கோட்டுப் பொத்தான் எட்டவில்லை. பத்து மாதம் வீட்டில் சும்மா இருந்த உடம்பு.

செயலாளர் கடைசி வரிசையில் வந்து நின்றுகொண்டார். கேமராக்காரரைக் காரிலேயே இருக்கச் சொன்னதாகப் பெருந்தன்மையோடு சொன்னார். கார் வாசலுக்கு நேராக நின்றது. கண்ணாடி இறங்கியிருந்தது.

மகளுக்கு அவரைப் பார்த்து வந்த எரிச்சலைவிடச் சுவரோரம் நின்றவர்களைப் பார்த்து வந்ததுதான் அதிகம். எண்ணிப் பார்த்தால் இவர்கள் இருபத்து மூன்று, அவர் ஒற்றை ஆள். வாயைத் திறந்து ஒரு தடவை, முடியாது போய்யா என்று சொல்லத் தெரியவில்லை. அப்பாவும் இந்த ரகம்தான். கேக் தின்றுவிட்டு வந்தவர்தானே.

“ஆரம்பிக்கலாமாம்மா?” என்று முதல் வயலின் அருகில் வந்து கேட்டாள்.

“எதை?”

அவள் திரும்பிப் போனாள். உறைகள் திறந்தன. மடக்குத் தாங்கிகளில் இசைத்தாள்கள் ஏறின. வயலின்கள் தோளுக்கு ஏறின. அவளுடைய புருஷன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு செல்லோவோடு உட்கார்ந்தார். சுருதி சேர்க்கவில்லை. முதல் வயலின் தலையை லேசாக நிமிர்த்தி மூச்சை இழுத்தாள். கூடவே மற்ற இருபத்திரண்டு பேரும் மூச்சை இழுத்தார்கள்.

சத்தம் வரவில்லை.

வில்கள் போய் வந்தன, தந்திக்கு ஒரு விரற்கடை மேலே. புல்லாங்குழல்காரி உதட்டைக் குவித்தாள், ஊதவில்லை. டிரம்பெட் பொத்தான்கள் இறங்கி ஏறும் டொக் டொக் மட்டும் கேட்டது. தாளைப் புரட்டும்போது எல்லாரும் சேர்ந்து புரட்டினார்கள். அடுக்ககங்களில் குடியிருக்கும் வாத்தியக்காரர்களின் வித்தை இது. பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும்போது, மேல்வீட்டுக்காரன் காலால் தரையை இடிக்கும்போது, இப்படித்தான் பயிற்சி செய்வார்கள். இந்தப் பத்து மாதமும் அவர்கள் வேறெதுவும் செய்யவில்லை.

செயலாளர் இரண்டு நிமிடம் பொறுத்தார். பிறகு ஓரமாக நடந்து முதல் வயலினிடம் போய்க் குனிந்தார். “மேடம், வாசிக்கிறீங்களா, இல்லையா?”

“உங்களுக்கு எதாவது கேக்குதா சார்?” அவள் வில்லை நிறுத்தவில்லை.

“இல்ல.”

“அப்ப வாசிக்கல.”

அவர் நிமிர்ந்தார். நிபந்தனையில் இதற்கு வழியிருக்கிறதா என்று மனதுக்குள் தேடியிருப்பார். பதினான்கையும் புரட்டி முடித்தவர் போலத் திரும்பப் போய் நின்றுகொண்டார். சித்தப்பா மகளின் காதருகே வந்தார். “என்ன இது, ஊமைக்கூத்து? எல்லாரும் நம்மளப் பாத்துச் சிரிக்கப் போறாங்க.”

மகளுக்கும் அதுதான் தோன்றியது. அவ்வளவு பேர், அவ்வளவு படிப்பு. கால் சம்பளத்துக்குப் பயந்து காற்றைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள். செத்தவருக்கே அவமானம். கேட்டது வாசிப்பு, கிடைத்தது வேடிக்கை. நிறுத்தச் சொல்லிவிடலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தாள்.

அப்போது எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் இறங்கின.

வில்கள் தொடைப்பக்கம் தொங்கின. புல்லாங்குழல் மார்பில் சாய்ந்தது. முதல் வயலின் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் அதையே பார்த்தார்கள். ஒருவர் கால்விரல் மட்டும் செருப்புக்குள் மெல்ல அசைந்து எண்ணிக்கொண்டிருந்தது. முடிந்துவிட்டதென்று நினைத்து தகனக் கூடத்து ஊழியர் முன்னே வந்தார். அம்மா கையை நீட்டி அவரைத் தடுத்தாள்.

“இருங்க,” என்றாள். “இது அவரோடது.”

“எதும்மா?” என்றாள் மகள்.

“பாட்டுல இந்த எடத்துல மத்தவங்க வாசிக்க மாட்டாங்க. அவருக்கு மட்டும்தான். ரெண்டாவதுக்குத் தனியா இந்த ஒரு எடம்தான் உண்டு.” அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “பாத்திரம் தேய்க்கவிடாம உயிர எடுப்பார். அம்பது தடவ, அறுபது தடவ.”

அரை நிமிடம் இருக்கும். தண்ணீர்க் கேனில் ஒரு குமிழி ஏறி உடைந்தது. அம்மாவின் உதடுகள் எதையோ பின்தொடர்ந்தன. பிறகு அவள் தலை அசைந்தது, முதல் வயலின் தலையும் அசைந்தது, கைகள் மேலேறின. மகள் எடுத்து வைத்த அடியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டாள்.

மூன்று நாற்பதுக்குப் பெட்டி உள்ளே போனது.

இரண்டாவது தவணை வந்துவிட்டது. எப்படி வராமல் போகும்? அறிக்கையின் நான்காம் பக்கத்தில் முழுப்பக்கப் படம். மறைந்த சக கலைஞருக்கு எங்கள் குழு இசையஞ்சலி செலுத்துகிறது என்று கீழே எழுதியிருந்தது. படத்துக்குக் காது கிடையாதே. வில்லுக்கும் தந்திக்கும் நடுவே இருந்த விரற்கடையை நிவாரண அலுவலகத்தில் யார் உருப்பெருக்கி வைத்துப் பார்க்கப் போகிறார்கள்? செயலாளருக்கு அந்த வருடமே துணை இயக்குநர் பதவி. ஆலோசகர் வேறொரு அரங்கத்துக்கு மறுமலர்ச்சி கொடுக்கப் போய்விட்டார். அறுபத்து நான்கு பேரில் திரும்பக் கூப்பிட்டது முப்பத்தொரு பேரை. முதல் வயலினைக் கூப்பிடவில்லை. அவளும் புருஷனும் உல்லாசக் கப்பலொன்றில் சாப்பாட்டு நேரத்துக்கு வாசிக்கப் போனார்கள். பிள்ளைகள் அவளுடைய அக்கா வீட்டில். பீப்பீயின் வீட்டை அம்மா காலி செய்துவிட்டுத் தன் தங்கை வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டில் இப்போது ஒரு பல்மருத்துவர். சித்தப்பா அறிக்கையில் வந்த படத்தைச் சட்டம் போட்டு டயர் கடையில் மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் டிரம்பெட்டில் பெரிய ஆள் என்கிறார்.

மகள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கிறவரையே கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். அவர் அதிகம் பேசாத மனுஷன், அதுவே அவளுக்குப் பிடித்துப்போனது என்று சொல்லிக்கொள்கிறார்கள். அரங்கம் மறுபடி திறந்தபோது அந்த முகவரிக்கும் அழைப்பிதழ் வந்தது. வழவழப்பான தடித்த அட்டை. அட்டையில் அதே படம். சுண்ணாம்புச் சுவரை எடுத்துவிட்டு நீல வானம் வைத்திருந்தார்கள். கீழே பெட்டி தெரியாதபடி அளவாக வெட்டியிருந்தார்கள். தகனக் கூடத்தில் அன்று வாத்தியக்காரர்கள், அரங்கத்தில் உட்காரும் அதே வரிசையில்தான் நின்றிருக்கிறார்கள். அப்போது அவள் அதைக் கவனிக்கவில்லை. முதல் கிளாரினெட்டுக்கு அடுத்தாற்போல் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். எழுத்துப் போட வசதியான இடம். நுழைவுக் கட்டணத்தை அங்கேதான் அச்சடித்திருந்தார்கள்.

புருஷன் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“இதுல உங்கப்பா எங்க?”

அவள் கட்டணத்தின் மேல் விரலை வைத்தாள்.