கைப்பிடியைப் பார்த்து அத்தான் சொன்னது

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யோசித்துக் கட்டியதல்ல. அக்கா வீட்டில் ஒரு மதியம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், எதிரே நடந்தது. என் பங்குக்கு நான் செய்ததெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தது மட்டும்தான்.

ஆரம்பம்தான் படியவில்லை. "இரும்புக்கும் நினைவு உண்டு, அது" என்று ஒரு வரி எழுதினேன். (அடித்துவிட்டேன். இரும்புக்குத் துருதான் உண்டு.) "மகளைப் பறிகொடுத்த தகப்பன் ஒருவர்" என்று இன்னொன்று. (இதையும் அடித்தேன். வாசலிலேயே வாசகரின் கையைப் பிடித்து அழுங்கள் என்று இழுப்பது மரியாதையில்லை.)

ஆகவே சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். அக்காவின் கணவர், என் அத்தான், பல் டாக்டர். பழைய கைக்கருவிகளைத் தேடிச் சேர்ப்பவர். அவர்களுக்கு ஒரே மகள். சிட்டு என்று கூப்பிடுவோம். வெளியூரில் கணக்கியல் படிக்கப் போனவள், விடுதியில் காய்ச்சல் கண்டு, நாங்கள் போய்ச் சேர்வதற்குள் இறந்துபோனாள்.

2

சேர்க்கும் பழக்கம் முன்பே இருந்தது. அவள் போனபிறகு அது அவள் அறைக்குள் நுழைந்தது. உளிகள், அரங்கள், குறடுகள், இழைப்புளிகள் என்று சுவர் முழுக்கத் தொங்கின. "யார் யாரோ செத்தவன் சாமானெல்லாம் என் மக ரூம்ல தொங்குது" என்பாள் அக்கா. அந்தப் பக்கமே போகமாட்டாள்.

ஒரு கருவி கிடைத்தால் அத்தான் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், நோயாளியின் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் அந்தக் குட்டிக் கண்ணாடியை வைத்து, செய்தவரின் முத்திரை தேடுவார். முத்திரை இல்லாவிட்டால் தேய்மானத்தைப் பார்ப்பார். தலை சிதைந்த உளி ஒன்றை ஒருமுறை என்னிடம் காட்டினார். "பாத்தியா? மரக் கொட்டாப்புளி வாங்க மனசு வராம இரும்புச் சுத்தியலாலயே அடிச்சிருக்கான். கஞ்சப்பய."

(இவரை மிகவும் கெட்டிக்காரராக்குகிறேனோ என்று ஒரு சந்தேகம். தன் வீட்டுச் சாவி எது என்பதை, கொத்திலுள்ள எல்லாவற்றையும் பூட்டில் விட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பவர் இவர். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

சிட்டுவைப் பற்றி மட்டும் ஒரு சொல் பேசமாட்டார். யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். விடுதியிலிருந்து வந்த அவளுடைய பெட்டியை அவர் திறக்கவில்லை. என்ன இருந்தது என்று கேட்கவும் இல்லை.

அக்கா திறந்தாள். எனக்கும் காட்டினாள். துணிமணிகளுக்கு அடியில் பாதி குடைந்த மரக்கரண்டிகள் சில. அவற்றோடு, நுனி வளைந்த ஒரு கத்தி. கணக்குப் படிக்கிறாள் என்று நாங்கள் நினைத்திருந்தபோது அவள் கரண்டி குடைந்துகொண்டிருந்திருக்கிறாள்.

3

அந்த மதியம் அத்தானும் நானும் உட்கார்ந்திருந்த சிட்டுவின் அறைக்குள் அக்கா வந்தாள். கையில் அந்தக் கத்தி.

"என்னங்க, இது என்னன்னு பாருங்களேன்."

"எங்க கிடைச்சுது?"

"பழைய சாமான் கடைல."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அத்தான் ஜன்னலருகே போய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கருவின்னு வித்ததே இல்ல. சாதாரண சாப்பாட்டு மேசைக் கத்தி. நுனிய நெருப்புல காட்டி வளைச்சிருக்காங்க. மரம் குடையறதுக்கு. சூடு சரியா ஏறல. பக்கத்துல சொல்லிக்குடுக்க ஆளில்ல போல."

"அப்புறம்?"

"கைப்பிடில துணி சுத்தியிருக்கு பாரு, தேஞ்ச பக்கத்தப் பாத்தா இடது கை. சின்னக் கை." விரலால் கத்தியின் விளிம்பைத் தடவினார். "அவசரக்காரங்க. தீட்டும்போது பாதியிலேயே எந்திரிச்சுப் போயிடறது. ஆனா விடல. மறுபடி மறுபடி வந்து தீட்டியிருக்காங்க."

"நல்லாச் செய்வாங்களா?"

அத்தான் கத்தியை இன்னொரு முறை வெளிச்சத்தில் திருப்பினார்.

"இன்னும் கொஞ்ச நாள் செஞ்சிருந்தா நல்லா வந்திருக்கும்."

டீ போடுகிறேன் என்று அக்கா போய்விட்டாள். அத்தான் ஒரு சிறிய அட்டையில் எழுதிக் கத்தியில் கட்டினார்: மரம் குடையும் கத்தி. வீட்டில் செய்தது. செய்தவர் தெரியவில்லை. யாரோ ஒருவருடைய குறட்டுக்குப் பக்கத்தில் மாட்டினார்.

4

சிட்டு இடது கைக்காரி. இதை எங்கே சொல்வது என்று தெரியாமல் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

அத்தானுக்குத் தெரிந்ததா? முதல் வரைவில் அவர் கத்தியை நெஞ்சோடு அணைத்துக் கதறி

(இல்லை. மகளைக் கொண்டுவந்த அன்றுகூட ஆம்புலன்ஸ் டிரைவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்.)

இரண்டாவது வரைவில் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. கதை கச்சிதமாக இருந்தது. அந்தக் கச்சிதம் எனக்கே அருவருப்பாக இருந்தது. மூன்றாவதில், எல்லாம் தெரிந்தும் அக்காவுக்காகத்தான் "தெரியவில்லை" என்று எழுதினார். இதை நம்பத்தான் ஆசை. ஆசையை வைத்துக் கதை எழுதலாமா?

அன்று சமையலறையில் அக்காவிடமே கேட்டேன். "அத்தானுக்குத் தெரிஞ்சிடுச்சாக்கா?"

அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தெரியலடி. தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? அவளப் பத்தி இன்னிக்குத்தான் வாயத் தொறந்து பேசியிருக்காரு. எனக்கு அது போதும்."

டீ பொங்கி வழிந்தது. இருவரும் அதைத் துடைத்தோம்.

5

சில வாரங்கள் கழித்து நடந்ததையும் சொல்லியாக வேண்டும். தன் அறைக் கட்டிலில் உட்கார்ந்து அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் கூட இருந்தேன். சிட்டுவின் பெட்டி அந்தக் கட்டிலுக்கு அடியில்தான். கிளினிக்கிலிருந்து வந்த அத்தான் அறை வாசலில் நின்றார். எங்கள் இருவரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"அந்தக் கடைல இன்னும் ஏதாவது இருந்துச்சா?"

அக்காவின் கை ஒரு தலையணை உறைமேல் நின்றது.

இதற்குமேல் எழுதப் பலமுறை உட்கார்ந்துவிட்டேன். "இருக்கு" என்று அவள் வாயில் போட்டால், பெட்டி வெளியே வரவேண்டும்; அதற்குப்பின் கடை என்று ஒன்று இல்லை, சிட்டுதான் இருக்கிறாள், இல்லாமலும் இருக்கிறாள். "இல்ல" என்று போட்டால், அவர் மறுபடி அந்தக் கருவிச் சுவர்ப் பக்கம் போய்விடுவார். எந்தச் சொல்லை எழுதினாலும் பேனா எனக்குச் சொந்தமில்லாத இடத்துக்குள் நுழைகிறது.

நிஜத்திலும் நான் காத்திருக்கவில்லை. எழுந்து, அத்தானைத் தாண்டி, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். பிறகு அக்காவிடம் கேட்கவும் இல்லை.

நீங்கள் வேண்டுமானால் அந்த அறையில் இருங்கள். அக்கா பேசுகிறவரை நீங்கள் மட்டும் பேசிவிடாதீர்கள்.