ஆள் இல்லாமல் நிற்கும் ட்ரைபாட்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் காலில் சக்கரம் என்று அவர் மனைவி அடிக்கடி சொல்வாள். ஓர் இடத்தில் சும்மா நிற்கச் சொன்னால் முள்மேல் நிற்பதுபோல் நெளிவார். அப்பேர்ப்பட்ட மனிதர்தான் மகள் பேட்மிண்டன் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்தையும் வீடியோ கேமராவைக் கையில் பிடித்தே படமெடுத்துவந்தார். படம் எப்படி இருக்கும்? பாதி நேரம் மகள் முகம், மீதி நேரம் கூரை. பெரிய பயிற்சி மையம் ஒன்றில் சேர்க்க அனுப்பிய வீடியோ திரும்பி வந்துவிட்டது. கோர்ட் முழுவதும் தெரியும்படி, கேமராவை அசைக்காமல் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். கெடு முடிவதற்குள் மிச்சமிருந்தது இன்று மாலை ஆட்டம் ஒன்றுதான்.

அதனால் சாப்பாட்டை அரையும் குறையுமாக முடித்துவிட்டு அப்பாவும் மகளும் கேமராக் கடையில் நின்றார்கள். நின்றது மகள் மட்டும்தான். அப்பா அலமாரிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

“சார், ஒரு நிமிஷம் நின்னீங்கன்னா காட்டிடுவேன்” என்றாள் கடைக்காரப் பெண். கண்ணாடி மேஜைமேல், கேமராவைப் பொருத்தி நிறுத்தும் மூன்றுகால் ட்ரைபாட் ஒன்றை விரித்துவைத்தாள். “வீடியோவுக்குக் கேமரா உக்கார்ற இந்தத் தலைதான் முக்கியம். உள்ள எண்ணெய் மாதிரி ஒண்ணு இருக்கு. கைப்பிடியப் பிடிச்சுத் திருப்பிட்டு விடுங்க. விட்ட எடத்துலயே நிக்கணும்.”

அவர் திருப்பினார். வெண்ணெயாய்த் திரும்பியது. லிஃப்ட் தண்டவாளத்தைச் சோதிக்கிற மாதிரி ஒவ்வொரு காலையும் விரலால் தட்டிக் காதைக் கொடுத்தார். தலையைப் பிடித்து முறுக்கினார். முழங்கையை ஊன்றி அழுத்தினார். கடைக்காரப் பெண் மேஜைக் கண்ணாடியைக் கவலையோடு பார்த்தாள்.

“இதுதான் சரி, குருவி. நீ எந்தப் பக்கம் ஓடினாலும் பின்னாடியே வருவேன், துளிகூட ஆடாது” என்றார்.

ஒல்லியாக இருந்ததால் சின்ன வயதில் வைத்த பெயர் அது. பதினைந்து வயதிலும் அவளை விடவில்லை. குருவி அந்த ட்ரைபாடைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் நின்ற ஒல்லியான, உயரமான ஒன்றைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இது பக்கத்துல ஆள் இல்லாம நிக்குமா?”

“நிக்கும்மா. நடுவுல கொக்கி இருக்கு பாரு, அதுல கனமா ஏதாவது தொங்கவிட்டா போதும். ஆனா கைப்பிடி கெடையாது. வச்சது வச்ச மாதிரி நிக்கும், அவ்வளவுதான்.”

“ஆள் இல்லாம எதுக்கு நிக்கணும்? நான் எங்க போயிடப் போறேன்?” என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஆன் செய்துவிட்டால் ஆட்டம் முடிகிறவரை தானாக ஓடுமா என்று அடுத்ததைக் கேட்டாள். அவருக்குச் சுருக்கென்றது. ஏன் இந்தப் பெண் சுற்றிச் சுற்றி அங்கேயே வருகிறாள்?

கடைக்காரப் பெண் அவர்கள் கேமராவை ட்ரைபாடில் பொருத்தி, கடையின் பெரிய டிவியோடு இணைத்தாள். “பழைய படம் எதையாவது ஓடவிடுங்க. எவ்வளவு ஆடுதுன்னு பார்த்தா எது வேணும்னு தெரிஞ்சுடும்.”

போன மாத ஆட்டம் ஓடியது. கோர்ட் கப்பல்போல் சாய்ந்து நிமிர்ந்தது. குருவி அடித்த இறகுப்பந்து வெளியே போனது. உடனே கடை முழுக்கக் கேட்டது ஒரு சத்தம்:

“ச்சு.”

யாரோ உச்சுக் கொட்டுகிறார்கள். திரையில் குருவி சட்டென்று திரும்பிக் கேமராவைப் பார்த்தாள். அடுத்து அவள் அடித்தது வலையில் விழுந்தது. மறுபடியும் “ச்சு.” மறுபடியும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

“பக்கத்துல யாரோ ஒருத்தர் சும்மா இருக்கமாட்டேங்கறாரே” என்றாள் கடைக்காரப் பெண், விவரம் தெரியாமல்.

அது லிஃப்ட் மெக்கானிக்கின் குரலேதான். மற்ற அப்பாக்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். தான் மட்டும் வாயைத் திறப்பதே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். மனைவி மருத்துவமனையில் ராத்திரி டியூட்டி முடித்துப் பகலில் தூங்குவாள் என்பதால் இந்தப் படங்களையெல்லாம் சத்தத்தை அணைத்துவிட்டே பார்த்திருந்தார். மகள் திரும்பித் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம், அப்பா இருக்கிற தைரியத்தில் பார்க்கிறாள் என்று உச்சி குளிர்ந்திருந்தார்.

“எப்பலேருந்து?” என்று கேட்டார்.

“ரொம்ப நாளாப்பா.” குருவி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “கோச் திரும்பாதேன்னு சொல்லிட்டே இருக்காரு. என்னால முடியல. நீங்க சும்மா இருந்தாலும் திரும்பிடறேன்.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“லீவு போட்டுட்டு வர்றீங்க. எப்படிச் சொல்றது?”

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட வலித்தது. தன்னை வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல், ஒரு ட்ரைபாடை விட்டுச் சொல்லவைக்கப் பார்த்திருக்கிறாள். மூலையில் நின்ற உயரமானதை எடுத்துக் காலைத் தட்டிப் பார்த்தார். குடைக்கம்பி மாதிரி அதிர்ந்தது.

“இதையே குடுத்துடும்மா” என்றார்.

அரங்கத்தில் கோர்ட்டுக்குப் பின்னால் அதை முழு உயரத்துக்கு விரித்தார். கொக்கியில் தன் கருவிப் பையையே மாட்டினார். நான்கு மூலைக் கோடும் தெரிகிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு ஆன் செய்தார். “நான் வெளிய இருக்கேன்” என்று சொன்னதும் குருவியின் தோள்கள் இறங்கின. அந்த நிம்மதியைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார்.

வாகனங்கள் நிற்கிற இடத்தில் அங்குமிங்கும் நடந்தார். உள்ளே கைதட்டல் கேட்டது. யாருக்கு? கதவுவரை போய்க் கைப்பிடியைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். இன்னொரு கைதட்டல். வண்டிச் சாவியால் உள்ளங்கையைக் கீறிக்கொண்டார். அதன்பிறகு நெடுநேரம் எந்தச் சத்தமும் இல்லை. அதுதான் உயிரை வாங்கியது.

கடைசியில் கதவு திறந்தது. குருவி வியர்வை சொட்ட ஓடிவந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“அப்பா, உங்களுக்குத் தெரியுமா, முதல் சர்வீஸே அவ என் இடது கைப்பக்கம் போட்டா. நான் என்ன பண்ணேன்னா...”

இதுவரை ஓர் ஆட்டத்தைப் பற்றிக்கூட அவள் அவரிடம் பேசியதில்லை. எல்லாவற்றையும்தான் அவர் பார்த்துவிடுவாரே. இப்போது மூச்சு வாங்க வாங்க, மட்டையால் காற்றில் அடித்துக் காட்டிக்கொண்டே, ஒரு புள்ளி விடாமல் சொல்லிக்கொண்டு போனாள். ஜெயித்தாளா தோற்றாளா என்பது மட்டும் இன்னும் வரவில்லை. கேட்டுவிட அவர் நாக்கு துடித்தது.

“ம்,” என்றார், இரண்டு கைகளையும் பேன்ட் பைகளுக்குள் விட்டுக்கொண்டு. “அப்புறம்?”