முந்தி வந்த ஊதா

பல் பிடுங்க வருகிறவர்களுக்கு நெஞ்சு படபடக்கக் கூடாது என்பதற்காகத்தான் பெரிய டாக்டர் காத்திருக்கும் கூடத்தில் எட்டடி நீளக் கடல்நீர்த் தொட்டியை வைத்தார். பாறை, பவளம், தண்ணீரை அலைபோல ஆட்டும் மோட்டார், நீல விளக்கு என்று எதற்கும் குறைவில்லை. தொட்டிக்கு மேலே பித்தளைத் தகட்டில் ‘இணங்கி வாழ்வோம்’ என்று பொறித்து மாட்டியிருந்தார். தகட்டுக்கு நேர் கீழே ஊதா மீன் மஞ்சள் மீனைத் துரத்திக்கொண்டிருந்தது.

விளையாட்டுத் துரத்தல் இல்லை. டாங் என்கிற இந்தக் கடல்மீன் வகைக்கு வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் கத்திமுனை போல ஒரு முள் உண்டு. பிடிக்காதவன் பக்கத்தில் வந்தால் உடம்பைச் சாய்த்து வாலை ஒரு வீச்சு வீசும். தொட்டியில் இருந்த நான்கு டாங்குகளில் மஞ்சளின் விலா முழுக்கக் கீறல். நீலம் பாறை இடுக்கில் படுத்தபடியே காலம் தள்ளியது. வரிமீன் தன் பெரிய துடுப்பைக் குடைபோல விரித்துக் காட்டி, தானும் ஒரு ஆள்தான் என்று பாவனை செய்து தப்பித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு இதைத்தான் பார்த்தார்கள்.

“அந்த ஊதா ஏங்க அதைப் போட்டு இந்த அடி அடிக்குது?” என்று கன்னம் வீங்கிய ஒருவர் கேட்டார்.

“அதுக்கு அந்த இடம் முழுக்கத் தன்னுதுன்னு நெனப்பு” என்றாள் வரவேற்பு மேசையில் இருந்தவள். அவள் பெரிய டாக்டரின் மச்சினி, மனைவியின் தங்கை.

“இது என்ன ஜாதி மீன்?”

“சர்ஜன் மீன்னு சொல்லுவாங்க. வால்லயே கத்தி வெச்சிருக்கும்.”

வீங்கிய கன்னத்துக்காரர் சற்று யோசித்தார். “நான் நாளைக்கு வரேம்மா. இப்ப அவ்வளவா வலிக்கல.”

இப்படிப் போனவர்கள் பலர். பெரிய டாக்டர் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். தொட்டியின் பக்கக் கண்ணாடியில் வெளியிலிருந்து முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்றை ஒட்டினார். ஊதா தன் பிம்பத்தையே எதிரி என்று நினைத்து அதோடு மல்லுக்கு நிற்கும், மற்றவை நிம்மதியாக மேயும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் கண்ணாடியின் மறுபக்கமும் பளபளப்பாக இருந்ததால் நோயாளிகள் அதில் வாயைப் பிளந்து தங்கள் பல்லைப் பார்க்க ஆரம்பித்தார்கள். இந்தப் பக்கம் ஒருவர் பல்லைக் காட்ட, அந்தப் பக்கம் ஊதா முட்ட, கண்ணாடி ஒருநாள் கீழே விழுந்தது.

பிழை எங்கே என்பது அவருக்குத் தெரியும். மீன் விஷயத்தில் அவர் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. சாதுவானதை முதலில் விட்டு, முரடனைக் கடைசியில் விட வேண்டும். அவரோ நான்கில் விலை உயர்ந்ததும் மிடுக்கானதும் ஊதாதான் என்று அதை முதலில் விட்டார். மற்ற மூன்றும் வருவதற்குள் அது தனியாக எட்டடியையும் சுற்றிச் சுற்றிப் பழகிவிட்டது. வாசல் திறந்துவிட்டவரே பட்டாவும் எழுதிக் கொடுத்த கதை.

கிளினிக்கிலும் முந்தி வந்தவர் ஒருவர் இருந்தார். அதை அவர் கவனித்ததில்லை.

அங்கே மூன்று பேர் தொழில் செய்தார்கள். பெரிய டாக்டர்; அவருடைய தம்பி சின்ன டாக்டர், குழந்தைகளெல்லாம் அவரிடம்தான் வாயைத் திறக்கும்; தங்கையின் கணவர், கோணல் பல்லுக்குக் கம்பி கட்டுகிறவர், ஆகவே கம்பி டாக்டர். பல்லின் வேருக்குள் இறங்கி நரம்பை எடுத்து அடைக்கும் நுணுக்க வேலைக்குத்தான் ஆள் நிலைக்கவில்லை. இரண்டு நிபுணர்கள் வந்தார்கள், இரண்டு பேரும் போய்விட்டார்கள். முதலாமவர் நோயாளியின் வாய்க்குள் குனியும்போதெல்லாம் பெரிய டாக்டர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார். “சும்மாதான், நீங்க பண்ணுங்க” என்பார். கொஞ்சம் பொறுத்து, “நானா இருந்தா இப்படிப் போயிருக்க மாட்டேன்” என்பார். வாய்க்குள் ஊசி இருக்கும் நோயாளியின் கண் உருளும். இரண்டாமவருக்குத் தனி அறையே கிடைக்கவில்லை. எந்த நாற்காலி காலியோ அதில் வேலை. மூன்று வீட்டுக்கும் பொதுவான விருந்தாளி, எந்த வீட்டிலும் தட்டு கிடையாது.

பெரிய டாக்டரின் கொள்கை தெளிவானது. மீன் ஒத்துப்போகாவிட்டால் வளர்க்கிற முறையில் கோளாறு. மனிதன் ஒத்துப்போகாவிட்டால் அவன் குணத்தில் கோளாறு.

இப்போது மூன்றாவதாக ஒரு பெண் மருத்துவர் வருவதாக இருந்தது. இன்னும் சம்மதிக்கவில்லை, இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருந்தார். வருவதற்கு முன்பே வேர் டாக்டர் என்று பெயர் விழுந்துவிட்டது.

“அண்ணா, ஒண்ணு சொல்லிடறேன்” என்றார் சின்ன டாக்டர், கையுறையைக் கழற்றியபடி. “இவங்களையும் நீங்க ஓட்டிவிட்டா, நானும் சாமானை எடுத்துட்டுக் கிளம்பிடுவேன். அடுத்த தெருவுல ஒரு மாடி காலியா இருக்கு. பாத்துட்டு வந்துட்டேன்.”

“நான் யாரைடா ஓட்டினேன்? அவங்களா போனாங்க.”

தம்பி தொட்டியைப் பார்த்தார். மஞ்சள் மோட்டாருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து பெரிய டாக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசல் பலகையில் அண்ணன் தம்பி இரண்டு பேர் பெயரும் அடுத்தடுத்து இருந்தன. தம்பி போனால் பலகையில் பாதி வெள்ளையாகிவிடும். குழந்தைகளும் குழந்தைகளைத் தூக்கிவரும் அம்மாக்களும் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். அதை எண்ணிப் பார்க்க முடியாமல், எண்ணக்கூடிய விஷயத்துக்கு வந்தார். வேர் டாக்டர் வரும்போது தொட்டி அடிதடியில்லாமல் இருக்க வேண்டும்.

முதல் வேலையாக ஊதாவைப் பிடித்தார். வலை வீசினால் வால்முள் வலையில் மாட்டிக் கிழியும். அதனால் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைத் தொட்டிக்குள் இறக்கி, கடற்பாசித் தாளை அதில் கட்டிவைத்தார். எல்லாம் தனக்குத்தான் என்று நினைக்கிற மீன் ஆகையால் ஊதாதான் முதலில் நுழைந்தது. மூடியைப் போட்டார். பிறகு பாறைகளை இடம் மாற்றினார். வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியால் இடுக்குகளைத் துழாவி, உடைந்த பவளக் கிளைகளைப் பல் ஒட்டும் லாவகத்தோடு ஒட்டி, தண்ணீர் பால்போலக் கலங்கித் தெளிவதற்குள் தொட்டியின் பூகோளமே மாறிவிட்டது. பழைய குகை இல்லை, பழைய மூலை இல்லை. பெட்டிக்குள் இருந்த ஊதா, மற்ற மூன்றும் எட்டடியிலும் உலாவுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. சில நாள் கழித்து வெளியே விட்டபோது, புதுப்பையன் பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல ஓரமாக நின்றது. வரிமீன் வந்து ஒரு தட்டுத் தட்டியது. வாங்கிக்கொண்டது.

“பாத்தியா?” என்றார் மச்சினியிடம். “யாருக்கும் பழைய இடம் இல்லன்னா யாரும் பெரியவனும் இல்ல, சின்னவனும் இல்ல. இதுதான் விஞ்ஞானம்.”

“நல்லதுதான் அத்தான். இதோட நிறுத்திக்குங்க” என்றாள் அவள். இருபது வருட மச்சினி. அந்த முகத்தில் யோசனை ஓடினால் அவளுக்குத் தெரியும்.

அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. விடுமுறை நாளில் நான்கு ஆட்களைக் கூட்டிவந்து கிளினிக்கின் அறைகளை மாற்றினார். தம்பியின் அறை கம்பி டாக்டருக்கு, கம்பி டாக்டரின் அறை தம்பிக்கு. பொருட்கள் வைத்திருந்த அறை காலியாகி வேர் டாக்டருக்கு ஒதுங்கியது. வரவேற்பு மேசை செருப்பு அலமாரிப் பக்கம் போனது. அவருடைய அறை மட்டும் ஜன்னலோரத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது. அதில் ஒயரிங் நிறைய இருக்கிறது என்றார்.

வேலைநாள் காலையில்தான் விஞ்ஞானம் வேலைக்கு வந்தது. சின்ன டாக்டர் இடக்கையர். அவருடைய நாற்காலியில் கருவித் தட்டு, துளைக்கும் கருவியின் குழாய், எச்சில் உறிஞ்சும் குழாய் எல்லாம் இடப்பக்கம் பொருத்தியிருந்தன. தரையில் திருகிய நாற்காலியை ஆட்கள் அசைக்கவில்லை. அவர் இப்போது வலக்கைக்காரரின் நாற்காலியில். கம்பி டாக்டரோ இடக்கைக்காரரின் நாற்காலியில், மணப்பெண்ணுக்கு முதுகு காட்டி உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி, இடுக்கி எடுக்க ஒவ்வொரு தடவையும் முழுசாகத் திரும்பினார்.

“மச்சான், என்ன இது?” என்று கத்தரித்த கம்பியோடு வெளியே வந்தார். “என் கை எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியாதா?”

“பழகிடும் மாப்பிள்ளை. மீன் பழகலையா?”

“மீனுக்குக் கையே இல்ல மச்சான்.”

சின்ன டாக்டர் தன் கருவிப்பெட்டியைப் பிரிக்கவே இல்லை. அது இன்னும் மோசம். பழைய அறை ஞாபகத்தில் நேராக உள்ளே போன ஒரு கல்லூரிப் பையன், கம்பி முறுக்க வந்தவன், குழந்தைப் பல்லுக்கு வைத்திருந்த மரத்துப்போகச் செய்யும் மருந்தைப் பாதி உதட்டில் வாங்கிக்கொண்டு வெளியே வந்து மச்சினியிடம் ஏதோ கேட்டான். அவன் என்ன கேட்டான் என்பது அவனுக்கே விளங்கவில்லை. இந்த அமளி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் வேர் டாக்டர் வந்தார்.

ஒடிசலான, அவசரமில்லாத பெண்மணி. பெரிய டாக்டர் அவரை நேரே தொட்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். நான்கு டாங்குகளும் ஒரே கடற்பாசித் தாளைக் கடித்துக்கொண்டிருந்தன.

“இந்த நாலையும் ஒண்ணா வெக்கவே முடியாதும்பாங்க” என்று ஆரம்பித்தார். “முடியும். எவன் ஆட்டம் போடறான்னு மொதல்ல பாக்கணும். பெரும்பாலும் முந்தி வந்தவனாத்தான் இருப்பான். மத்தவனை ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல. அவனைத் தூக்கி ஒரு பெட்டியில போட்டுடணும். அவன் இல்லாமலே எல்லாம் நடக்குதுன்னு அவனே கண்ணால பாக்கணும். அப்புறம் கடைசி ஆளா உள்ள விடணும். பொட்டிப் பாம்பு மாதிரி இருப்பான்.”

உதடு மரத்த பையன்கூட நிமிர்ந்து பார்த்தான். மச்சினி பேனாவைக் கீழே வைத்தாள்.

“எனக்கு ஸ்டோர் ரூம்னு மேசையில சொன்னாங்க. எல்லார் ரூமையும் மாத்திட்டீங்களாமே சார்?” என்றார் வேர் டாக்டர்.

“எல்லார் ரூமையும்தான். அதே முறைதான்.”

“உங்க ரூம்?”

“அதுல ஒயரிங்…” என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.

தம்பி தன் அறை வாசலில் நின்றிருந்தார். காலையில் பிரிக்காமலே விட்ட கருவிப்பெட்டி அவர் இடக்கையில் இருந்தது. போகிற ஆள் பிடிக்கிற மாதிரிப் பிடித்திருந்தார்.

“நான் வரேன் சார்” என்றார் வேர் டாக்டர், இன்னும் மீனையே பார்த்தபடி. “மைக்ரோஸ்கோப் வெக்க ஜன்னலோர ரூம் வசதியா இருக்கும். இவங்க ரெண்டு பேரும் பழைய ரூமுக்கே போகட்டும். நீங்க ஒரு மாசம் லீவு எடுத்துட்டு, அப்புறம் அந்த ஸ்டோர் ரூம்ல உக்காருங்க. நீங்க சொன்ன முறைதான்.”

“நான் என்ன மீனா?”

“மீனுக்கு நல்லா வேலை செஞ்சுதே அத்தான்” என்றாள் மச்சினி. அவள் குரலில் கிண்டல் இல்லை. அதுதான் அவரைச் சுட்டது.

பெரிய டாக்டர் தம்பியின் கையைப் பார்த்தார். பெட்டி இன்னும் கீழே இறங்கவில்லை. “ஒரு மாசம்தானே” என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

அந்த ஒரு மாதம் அவர் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டைச் சுற்றினார். மச்சினிக்குப் போன் போட்டு, “எல்லாம் எப்படிப் போகுது?” என்பார். “நல்லாப் போகுது அத்தான்” என்பாள். அதைவிட மோசமான பதிலை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. இரண்டாவது வாரம் சமையலறை டப்பாக்களை உயரவாரியாக இடம் மாற்றி வைத்தார். அவர் மனைவி டப்பாக்களைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, அவருடைய செருப்பை வாசலில் வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

மாதம் முடிந்து அவர் திரும்பியபோது யாரும் எழுந்து நிற்கவில்லை, வேலை நடந்துகொண்டிருந்தது. பொருட்கள் வைத்த அறையில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். கையை நீட்டினால் இரண்டு சுவரும் படும். முதல் நோயாளியாக வந்த கிழவரின் கடைவாய்ப்பல் எக்ஸ்ரேயை விளக்கில் வைத்துப் பார்த்தார். வேரின் நுனி வளைந்திருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பிடுங்கிவிட வேண்டும்.

எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து ஜன்னலோர அறைக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. கை கைப்பிடிமேல் போனது. எதிர் அறையில் சின்ன டாக்டர் ஒரு குழந்தையின் வாயிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். மச்சினியும் பார்த்தாள். பெரிய டாக்டர் கையை எடுத்து, விரலை மடக்கி, கதவைத் தட்டினார். அது அவர் எண்ணியதைவிடச் சத்தமாக இருந்தது.

“வாங்க சார்.”

“இந்தப் பல்லு… என்ன பண்ணலாம்?”

வேர் டாக்டர் படத்தை வாங்கிப் பார்த்தார். “காப்பாத்திடலாம் சார். கொஞ்சம் நேரம் எடுக்கும். எங்கிட்ட அனுப்புங்க.”

நான்கு காரணங்கள் அவர் நாக்கு நுனிவரை வந்தன. ஐந்தாவதும் வந்தது. “சரி” என்றார்.

எதிர் அறையில் குழந்தை மறுபடி அழ ஆரம்பித்தது. சின்ன டாக்டர் அதைச் சமாதானப்படுத்திக்கொண்டே, “அண்ணா, மத்தியானம் சாப்பாடு சேர்ந்து சாப்பிடலாம், போயிடாதீங்க” என்றார். மாடி பற்றி எதுவும் சொல்லவில்லை.

பெரிய டாக்டர் கிழவரை ஜன்னலோர அறைக்கு அனுப்பிவிட்டுத் தன் அறைக்கு வந்தார். உட்கார்ந்தார். தட்டில் இருந்த இடுக்கியை நேராக்கினார். ஜன்னலோர அறையிலிருந்து மைக்ரோஸ்கோப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. எழுந்தார். வாசல்வரை போய், திரும்பி வந்து, மறுபடி உட்கார்ந்தார்.

“என்ன வேணும் அத்தான்?” என்று மச்சினி அங்கிருந்தே கேட்டாள்.

“ஒண்ணும் வேணாம். அடுத்த ஆளை அனுப்பு.”

“இன்னும் யாரும் வரலையே.”

“வந்தா அனுப்பு” என்றார். “சீக்கிரம் அனுப்பு.”