ஒரு சேவல் போதும்

எதைக் கொடுப்பது, சிவப்பையா, வெள்ளையையா, இல்லை ரெண்டையுமேவா... கோழிக்காரர் ஒன்பது மணிக்கு வந்துவிடுவார், இப்போதே ஏழரை ஆகிவிட்டது, கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள் அவள், எழுந்திருக்க மனமில்லை. ஏழு பெட்டைகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வெளியே வந்தன, கடைசியாகக் கருப்பி, பாவம், முதுகில் ஒரு இறகு கிடையாது, உரித்த மாதிரி சிவந்து கிடக்கிறது, நேற்றுத் தடவிய மருந்துக்கு மேலேயே புதிதாக ஒரு கீறல். சிவப்பன் வேலைதான், அதன் கால் முள்ளைப் பார்த்தாலே தெரியாதா. ஏழு பெட்டைக்கு ரெண்டு சேவல் அதிகம், இது தெரியாதவளா அவள்... தெரிந்து என்ன, அடைக்கு வைக்கும்போது முட்டைக்குள் என்ன இருக்கிறது என்று யார் எட்டிப் பார்த்தார்கள். வைத்தது இவர், அவள் புருஷன். ஐந்து முட்டை, ஒவ்வொன்றின்மேலும் பென்சிலால் தேதி எழுதி, பிரசவத்துக்குக் காத்திருக்கிற மாதிரி நாளை எண்ணிக்கொண்டிருந்தார். குஞ்சுகள் வெளியே வந்த மூன்றாம் வாரம், பணிமனையில் ஒரு பேருந்துக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்த மனிதர் வெளியே வரவில்லை. காலைப் பிடித்து இழுத்தார்களாம், கையில் ஸ்பேனர் அப்படியே இருந்ததாம், வாய் ஒரு பக்கமாகக் கோணிவிட்டதாம். ஆஸ்பத்திரியிலிருந்து இவரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது குஞ்சுகளில் ரெண்டுக்குக் கொண்டை தடித்திருந்தது.

வெள்ளை பரம சாது. ஒதுங்கி ஒதுங்கிப் போகும், சிவப்பன் தின்று முடித்த பிறகுதான் தட்டுப் பக்கம் வரும், இன்றுவரை ஒரு தடவைகூடக் கூவியதில்லை. குஞ்சாக இருந்தபோதே இவர் அதற்கு ஊமை என்று பேர் வைத்தார், இப்போது இந்த வீட்டில் அந்தப் பேரைச் சொல்லி எப்படிக் கூப்பிடுவது, வாய் வருமா... வெள்ளை என்று மாற்றிவிட்டாள். கூவுவதெல்லாம் சிவப்பன்தான். கூண்டுமேல் சாக்கைப் போட்டு மூடிப் பார்த்தாள், சாக்குக்குள்ளிருந்து இன்னும் ரோஷமாகக் கூவியது. பக்கத்து வீட்டுப் பெண் வந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒரு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மதிலோரம் நின்றாள், தலை வாரி எத்தனை நாளாயிற்றோ, "தப்பா நினைக்காதீங்க அக்கா... பால் குடிச்சு இப்பத்தான் கண்ணை மூடும், உடனே இது கூவிடுது. நான் தூங்கி ஒரு மாசமாச்சு" என்று ஆரம்பித்தவள் முடிக்க முடியாமல் அழுதுவிட்டாள். அழுகிறவளிடம் என்ன நியாயம் பேசுவது? "நான் பாத்துக்கறேம்மா" என்று சொல்லியாயிற்று. என்னத்தைப் பார்த்துக்கொள்வது.

இவரிடமும் கேட்டாள். முப்பது வருஷத்தில் ஒரு திரைச்சீலைகூட இவரைக் கேட்காமல் வாங்கியதில்லை, எதைக் கேட்டாலும் முதல் வார்த்தை 'வேண்டாம்'தான், அந்த வேண்டாமில் சாய்ந்துகொண்டே இத்தனை காலம் ஓட்டியாயிற்று, அதிலும் ஒரு சுகம் இருந்ததோ என்னவோ... இப்போது இவரிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு சொல். ஜன்னலோரம் தள்ளுநாற்காலியில் சாய்த்து, பாலில் ஊறிய ரொட்டியை ஊட்டிக்கொண்டே கேட்டாள், "என்னங்க, சிவப்பைக் குடுத்துடலாமா?"

"ஆமா."

"அது பாவம்னா வெள்ளையக் குடுக்கட்டுமா?"

"ஆமா."

"ரெண்டுமே இருந்துட்டுப் போகட்டுமா?"

"ஆமா, ஆமா" என்றார், கண்ணில் தண்ணீர் நின்றது. என்ன தண்ணீர் அது, வருத்தமா, கோபமா, டாக்டர் சொன்ன மாதிரி காரணமில்லாமல் தானாக வருவதா? "நல்லாப் போச்சு, உங்களைக் கேட்டா இன்னும் பத்து சேவல் வாங்கிப்போடணும் போல" என்று சிரித்துவைத்தாள், அழுகைக்கு அது பரவாயில்லை. ஒன்று மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை, சிவப்பன் கூவினால் இவர் தலை ஜன்னல் பக்கம் திரும்புகிறது. கை காலுக்குப் பயிற்சி கொடுக்க வருகிறவரிடம் சொன்னால், சத்தம் கேட்டால் யாருக்கும் தலை திரும்பத்தானேம்மா செய்யும் என்று சொல்லிவிடுவார்... குக்கர் விசிலுக்குத் திரும்பவில்லையே, வேண்டுமென்றே வைத்துப் பார்த்தாளே. அப்படியென்றால்? இந்தத் தலை ஒரு சாண் திரும்புவதற்காக ஒரு பெட்டையின் முதுகும் ஒரு பச்சைக் குழந்தையின் தூக்கமும் போகலாமா, போகட்டும் என்று சொல்லக்கூட ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும், கூடாது என்று சொல்லவும் வேண்டும், அவளிடம் ரெண்டும் இல்லை.

ஒன்பது என்று சொன்ன கோழிக்காரர் எட்டே முக்காலுக்கே வந்து நின்றார், மோட்டார் சைக்கிளின் பின்னால் கம்பிக் கூடை, அது காலியாக இருந்ததே அவளுக்கு என்னவோ செய்தது. "எதும்மா?" என்றார். கால் மணி நேரம் பாக்கி இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் அவள் விரல் சிவப்பனைக் காட்டிவிட்டது, காட்டியது தன் விரல்தானா என்று பார்த்துக்கொண்டாள். பிடிப்பதற்குத் துரத்த வேண்டியிருக்கும் என்று நினைத்தால் அது நேரே அவளிடம் வந்தது, கையில் குருணை இருக்கும் என்கிற நம்பிக்கை. அள்ளி எடுத்து விலாவோடு அணைத்தாள், சூடு, உள்ளங்கைக்குள் படபடவென்று அடிக்கிற ஒரு குட்டி நெஞ்சு... "வளக்கறவங்க கேட்டா அவங்களுக்கே குடுத்துடறேம்மா" என்றார் கோழிக்காரர், அவள் முகத்தைப் பார்க்காமல். பொய் என்று தெரிந்தது. அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டும் என்று தோன்றிய மனுஷனைக் கும்பிடலாம் போலிருந்தது.

அப்புறம் கொல்லைப்புறம் நிசப்தம். பெட்டைகள் ஒன்றும் தலை தூக்கிப் பார்க்கவில்லை, மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன, இவ்வளவுதானா... கருப்பி வெயிலில் சிறகை விரித்துப் படுத்தது, சரி, நல்லதுதான் செய்திருக்கிறோம் என்று ஒரு மூச்சு விட்டாள். பத்து மணி இருக்கும், வெள்ளை தட்டுப் பக்கம் வந்தது. யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பக்கத்தில் வந்த ஒரு பெட்டையின் மண்டையில் கொத்தித் துரத்தியது, நேரே போய்க் கருப்பியின் கழுத்தைக் கவ்வி, அந்தப் புண்ணின் மேலேயே ஏறி மிதித்தது. "ஏய்" என்று செம்பை எறிந்தாள், அது மதிலில் பட்டு உருண்டது. வெள்ளை துவைக்கிற கல்மேல் தாவி ஏறி, கழுத்தை நீட்டி, சிறகை ரெண்டு தரம் அடித்துக்கொண்டு கூவியது பாருங்கள்... முதல் கூவல் மாதிரியா இருந்தது, வருஷக்கணக்காகக் கூவிப் பழகிய தொண்டை மாதிரி, சிவப்பனைவிடக் கனத்த குரல். பக்கத்து வீட்டில் குழந்தை வீறிட்டது.

உள்ளே ஓடினாள், இவர் தலை திரும்பியதா என்று பார்க்க. முகம் ஜன்னல் பக்கம்தான் இருந்தது, இப்போது திரும்பியதா, முன்பே அப்படித்தான் இருந்ததா, யாரைக் கேட்பது. மூச்சு வாங்கியது. அடங்கிக் கிடந்த பிராணி அது, இத்தனை நாள் சாது சாது என்று... சாதுவாக இருந்ததா, இல்லை இன்னொன்று இருந்ததால் இடம் கிடைக்காமல் இருந்ததா? வாயோரம் காய்ந்திருந்த பாலைத் துடைத்தாள், இவர் கையைக் கழுவிவிடலாம் என்று சட்டைக் கையை மேலே மடித்தாள். மணிக்கட்டில் கன்றிப்போன நாலு நீலத் தடம். எங்கே இடித்துக்கொண்டார்... இடித்துக்கொள்ள இவர் நாற்காலியை விட்டு எங்கே போனார். முந்தாநாள் இவர் ரொட்டித் தட்டைத் தட்டிவிட்டது நினைவு வந்தது, அப்போது "வாயைத் திறங்க" என்று ஒரு குரல் அதட்டியதும்கூட. பள்ளிக்கூட நூலகத்தில் இருபது வருஷம், பிள்ளைகளிடம்கூட உதட்டில் விரல் வைத்துத்தான் பேசியிருக்கிறாள், அவளிடம் ஏது அப்படி ஒரு குரல். மெதுவாகத் தன் விரல்களைக் கொண்டுபோய் அந்தத் தடங்களின்மேல் வைத்தாள். நாலும் பொருந்தின. இவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சி கொடுக்கிறவர் பதினோரு மணிக்கு வந்துவிடுவார், வந்ததும் முதலில் கையைத்தான் பிடிப்பார்... மடித்த சட்டைக் கையைக் கீழே இறக்கிவிடுவதா, இப்படியே விட்டுவிடுவதா என்று தெரியாமல், துணியின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.